யாரும் மாடி ஏறாத நாள்

ஜனவரி 21, புதன்

காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். மூக்குக்கண்ணாடியின் இடது திருகாணி தளர்ந்திருக்கிறது. நாளை கடைக்கு எடுத்துப் போக வேண்டும்.

பிற்பகல் தெருவில் திடீரென்று கூச்சல். தங்கை குமுதவல்லி ஜன்னலிலிருந்து திரும்பி, "கோதண்டன் கேஸ் போயிடுச்சாம்ணா" என்றாள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடி. ஆயுள் தண்டனை உறுதி.

கோதண்டன் எதிர்வீட்டுக்காரர். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார். அடகுக்கடைக்காரர் ஒருவரைப் பட்டப்பகலில் கொன்றதாக அவர்மேல் வழக்கு. ஓடிப்போனவனின் முதுகைப் பார்த்த ஒருவர், அடையாள அணிவகுப்பில் இவரைக் காட்டினார். அன்று முழுவதும் தன் மாடியில், எந்தப் புறா அதிக நேரம் வானில் நிற்கிறது என்று பார்க்கும் புறாப் பந்தயத்தில் இருந்ததாகக் கோதண்டன் சொல்லிவருகிறார். இரண்டு வருடமாக ஜாமீனில் வீட்டில் இருந்தார். இனித் திரும்பவும் உள்ளே போக வேண்டும்.

வருத்தமாக இருந்தது. ஆனால் இரண்டு நீதிபதிகள் நிதானமாகப் படித்திருப்பார்கள் அல்லவா என்றும் தோன்றியது. இதைக் குமுதத்திடம் சொல்லவில்லை.

ஜனவரி 22, வியாழன்

கடைகள் அடைப்பு. முக்குச் சாலையில் பஸ் கண்ணாடி உடைந்ததாம். போலீஸ் வேன் நிற்கிறது. பால் வாங்கப் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையும் திறந்திராது.

கோதண்டன் மாலையில் சரணடையப் போனார். தெரு முழுக்க அவரோடு நடந்தது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். அவர் திரும்பித் திரும்பி மேலே பார்த்துக்கொண்டே போனார். புறாக்கூண்டைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

கோதண்டனின் மனைவி தேசம்மா வெள்ளியன்றே தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். "இங்லீஷ்ல கீது சார். நீங்கதான் படிச்சி சொல்லணும். லாயரம்மா சொன்னாங்கதான், ஆனா அவங்க அழுதுக்குனே சொன்னாங்க. ஒண்ணும் வெளங்கல."

நான் சட்டத் தீர்ப்புகள் அச்சிடும் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். தெருவில் எனக்குப் பெயர் 'புரூப் சார்'. மறுக்க வழி தெரியவில்லை.

இன்று பட்டறை வாசலில் கூடியிருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். முக்கியமான பத்தியைத் தமிழில் இப்படிப் படித்தேன்:

"ஒரு மனிதன் விடியலிலிருந்து மாலை வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மனித இயல்புக்குப் பொருந்துவதாக இல்லை. உடனிருந்ததாகச் சொல்பவர் அவருடைய நண்பர். அதே விளையாட்டில் ஈடுபட்டவர்."

அந்த நண்பர் கரீமுல்லா பாய் என் அருகில்தான் நின்றிருந்தார். தையல்காரர், அன்றைய பந்தயத்துக்கு அவர்தான் அம்பயர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பூக்காரக் கன்னியம்மா கத்தினாள்: "இன்னாது? வானத்த பாக்க முடியாதா? அவுங்க வூட்ல ஜன்னலே இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த வாக்கியத்தைப் படித்தேன்.

"நெருக்கமான அந்தத் தெருவில், அன்றைக்கு அண்டை வீட்டார் ஒருவர்கூடத் தம் மாடிக்குச் செல்லவில்லை, ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரைக் காணவில்லை என்பது நம்பத்தக்கதல்ல."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கன்னியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். ஒரு பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேனோ என்று பயந்து வரியைத் திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குமுதத்திடம் கேட்டேன்.

"பந்தயத்தன்னிக்கி யாரும் மாடிக்குப் போகமாட்டோம்ணா. அக்கம்பக்கத்துல ஆள் தலை தெரிஞ்சா புறா எறங்காது. துணிகூட காயப்போடறதில்ல."

"நம் வீட்டிலுமா?"

"நான்தான் கதவைப் பூட்டிடுவேனே."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க எப்ப மாடிக்குப் போனீங்க, தெரியறதுக்கு?"

நீதிமன்றத்தில் இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"யார் கேட்டா? போலீஸ்காரர் வந்தார். 'அன்னிக்கு மாடியில அவனப் பாத்தியாம்மா'ன்னார். நான் மாடிக்கே போகலீங்கன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டார். எல்லா வீட்லயும் அதையேதான் சொல்லியிருக்காங்க. உண்மையத்தானே சொன்னோம்?"

பிறகு கத்தரிக்காயை மிகவும் சிறியதாக நறுக்கினாள். கூட்டு குழைந்துவிட்டது.

ஜனவரி 26, திங்கள்

தையல்காரரிடம் கொடுத்த இரண்டு சட்டைகளை வாங்கவில்லை. கரீமுல்லா பாயை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

டெல்லி உச்ச நீதிமன்றத்துக்கு மனு போகிறது. அதோடு தெருவாரின் கோரிக்கை ஒன்றும். முதல் கையெழுத்து நான் போடவேண்டும் என்றார்கள். படித்தவன், வயதானவன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என் யோசனை இதுதான். மாடி பற்றிய வாக்கியம் தவறு என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாக்கியம் தவறாக இருப்பதால் அதற்கு முந்தையதும் தவறு என்று ஆகிவிடாது. விடியலிலிருந்து மாலை வரை ஒருவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் கீழே எப்படிப் பெயரை எழுதுவது?

இதைச் சொல்ல முயன்றேன். பாதிவரைதான் சொன்னேன். கன்னியம்மா பூவைத் தொடுத்தபடியே, "வுடுங்கப்பா, சாருக்கு பென்ஷன் நின்னுடப் போவுது" என்றாள்.

குமுதம் சாதம் பரிமாறும்போது கரண்டியைத் தட்டில் தட்டினாள்.

பிப்ரவரி 2, திங்கள்

மாடிக்குப் போனேன். டாக்டர் வெயில் படச் சொன்னதாகக் குமுதத்திடம் சொன்னேன். "எந்த டாக்டர்?" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தேன். முதலில் வானம் ஒரு வெற்றுத்தாளாக இருந்தது. வெற்றுத்தாளில் பிழை தேடி எனக்குப் பழக்கமில்லை. சிறிது நேரத்தில் கழுத்து வலித்தது, கண்ணில் நீர். இறங்கிவிட்டேன்.

நீதிபதிகள் சொன்னது சரியாக இருக்கலாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மறுபடியும் போனேன். சந்து அவ்வளவு குறுகலானது. எதிர்மாடியிலிருந்து கை நீட்டிக் கிண்ணம் மாற்றலாம். கரீமுல்லா பாய் புறாக்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். கோதண்டன் போனதிலிருந்து காலையில் அவர்தான் வந்து பறக்கவிடுகிறார். என்னைப் பார்த்ததும் புறாக்கள் மிரண்டு தண்ணீர்த்தொட்டியின் பின்னால் ஒதுங்கின.

"இன்னா சார், புதுசா கீது?"

"சும்மா. வெயிலுக்கு."

"சேர்ல குந்தி அண்ணாந்தா கழுத்து பூடும் சார். பாயப் போட்டு மல்லாக்க படுங்க. நாங்க அப்டித்தான்."

நான் வெயிலுக்கு வந்தேன் என்றுதானே சொன்னேன்? அண்ணாந்து பார்த்ததைச் சொல்லவில்லையே.

கீழேயிருந்து ஒரு கோரைப்பாய் எடுத்துவந்து படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7, சனி

படுத்தால் வானம் வேறு. நிற்கும்போது அது தலைக்கு மேல் இருக்கிறது. படுத்ததும் எதிரே வந்துவிடுகிறது. கிணற்றைக் குனிந்து பார்ப்பதுபோல் அதை எட்டிப் பார்க்கிறேன். விழுந்துவிடுவேனோ என்று பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

புறாக்கள் வட்டம் அடித்து அடித்து மேலே போகின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் அவை பறவைகளாக இருப்பதில்லை. உப்புக்கல் போல ஒரு மினுக்கம். திரும்பும்போது வெளிச்சத்தில் தெரிகின்றன, மறுதிருப்பத்தில் இல்லை. இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மறுபடி அங்கே வருகின்றன.

அது வரும் வரை எப்படி வேறு பக்கம் பார்ப்பது?

குமுதம் மேலே வந்து பத்து முறை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிட மறந்திருக்கிறேன். நேரம் குறித்துக்கொள்ளவும் மறந்துவிட்டேன். இப்படி நடந்ததில்லை.

பிப்ரவரி 11, புதன்

கண்ணாடிக்குத் திருகாணி போட்டாயிற்று.

மாடியில் கண்ணை மூடினேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அச்சகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கூரை இல்லை. மேசைமேல் தீர்ப்பு. நான் பென்சில் வைத்த இடத்திலெல்லாம் எழுத்து ஒவ்வொன்றாகத் தாளைவிட்டுக் கிளம்பி, அவசரமே இல்லாமல் மேலே போகிறது. மேலாளர் வந்து தாள் ஏன் காலியாக இருக்கிறது என்கிறார். "மேலே இருக்கிறது" என்கிறேன். அவரும் அண்ணாந்து பார்க்கிறார். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

விழித்தபோது, விழித்தேன் என்றால், ஒரு புறா எங்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. சாம்பல் கழுத்து. எனக்குப் பயந்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

தெருக்கூட்டம். மறியல், உண்ணாவிரதம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பையன்கள் இன்னொரு பஸ்ஸுக்குத் தயாராக இருந்தார்கள். நான் கூட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன்.

கன்னியம்மாதான் சொன்னாள். "யாரையும் அடிக்க வாணாம். எல்லாரும் மாடிக்குப் போவோம். காத்தால ஏறி, பொழுதோட எறங்குவோம். வானத்த பாக்க முடியாதுன்னாங்கல்ல? வந்து எண்ணிக்கட்டும், எத்தினி பேர் பாக்கறோம்னு."

அடுத்த ஞாயிறு என்று முடிவு. டிவிக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று.

கன்னியம்மா என்னிடம் வந்து, "நீங்க கீயவே இருங்க சார், வெயில் ஒத்துக்காது" என்றாள். கரீமுல்லா பாய் இருமினார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று விடிந்ததிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை இருந்தேன். சோற்றைக் குமுதம் மேலேயே கொண்டுவந்து வைத்தாள். பார்க்காமலே பிசைந்து சாப்பிட்டேன். ரசம் என்று நினைத்தேன். சாம்பாராம்.

முடியும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

விரிவாக எழுத வேண்டும். முடிந்தவரை ஒழுங்காக எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே தெரு முழுக்க மாடி ஏறிவிட்டது. இத்தனை பேர் இந்தச் சந்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பாய், போர்வை, பிளாஸ்க், கைக்குழந்தை. தண்ணீர்த்தொட்டிகளின்மேல் இளைஞர்கள். ஒரே ஒரு முழக்கமும் இல்லை. எல்லா முகங்களும் மேலே திரும்பியிருந்தன.

தேசம்மா கூண்டைத் திறக்கப் போனாள். கரீமுல்லா பாய் தடுத்தார்.

"வாணாம்மா. சுத்தி ஆளு. எறங்காதுங்க."

"அவுரும் இல்ல, புறாவும் இல்லன்னா எதப் பாய் பாக்கறது? வெறும் வானத்தயா?"

திறந்துவிட்டாள். தெரு முழுவதும் ஒரு மூச்சு இழுத்தது.

பகல் முழுக்கப் பார்த்தோம். எனக்கு வார்த்தை போதவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே தூக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. கண் திறந்த தூக்கம். ஒரு மாடியில் ஒருவர் "தோ" என்றால், கடைசி மாடிவரை தலைகள் திரும்பின. குழந்தைகள்கூட அழவில்லை. அல்லது அழுதது எனக்குக் கேட்கவில்லை. என் இடது பக்கம், கைப்பிடிச் சுவருக்கு அப்பால், கன்னியம்மா பார்வையை இறக்காமலே பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னா சார், பென்ஷன் வந்துச்சா?" என்றாள். "வந்தது" என்றேன். இருவரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாக இருந்தது.

மாலையில் புறாக்கள் இறங்கத் தொடங்கின. கூண்டுக்கு மேல் வந்தன, ஆட்களைப் பார்த்தன, திரும்ப ஏறின. மறுபடி வந்தன. ஒவ்வொரு முறையும் வட்டம் சிறிதாகியது; சிறகடிப்பு கனத்தது. பாய் முணுமுணுத்தார்: "தண்ணி இல்லாம காத்தாலேர்ந்து. இருட்டுனா வழி தெரியாது. பைரி வேற சுத்துது." பைரி என்பது புறாவை அடிக்கும் வல்லூறு.

அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். முனையில் இருக்கும் கல்யாண மண்டபத்து மொட்டைமாடிக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தொட்டிமேல் இருந்த இளைஞர்கள் எழுந்து நின்றார்கள்.

கரீமுல்லா பாய் கையைக் கூப்பினார். "எறங்கிடுங்கப்பா. கொஞ்சம் எறங்குங்க."

"இன்னா பாய்! காத்தாலேர்ந்து காஞ்சி கருவாடாயி குந்திக்கீறோம். டிவிக்காரன் இப்பதான் ஏறிக்னு கீறான். இப்பப் போயி எறங்குன்றியே!" என்றான் தொட்டிமேல் நின்ற ஒருவன்.

"நாளிக்கு பேப்பர்ல இன்னா வரும்? ஒருத்தனும் இல்லன்னு வரும்!" என்றான் இன்னொருவன்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த ஒரு படத்துக்காகத்தான் எல்லோரும் ஏறியது. படம் இல்லாவிட்டால் கோதண்டனுக்கு என்ன பயன்? எல்லோரும் தேசம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறங்குங்க" என்றாள். "அந்தாளு வெளிய வந்தார்னா முதல்ல கூண்டத்தான் பாப்பாரு. என்னிய அப்பறம்தான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு இறங்கினார்கள்.

கூப்பிட்டுச் சொன்னால் பறவை மிரளும் என்று, மாடியிலிருந்து மாடிக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டார்கள். ஈரத்தரை காய்வதுபோல, இந்த ஓரத்திலிருந்து தொடங்கி அந்த ஓரம்வரை மாடிகள் காலியாயின. பாயைச் சுருட்டினார்கள், கொடியில் கிடந்த துண்டை எடுத்தார்கள். கன்னியம்மா சிந்திய பூக்களைக்கூடப் பொறுக்கினாள்.

நானும் எழுந்தேன்.

"நீங்க படுங்க சார்" என்றார் பாய், தானும் படியிறங்கப் போனபடி. "உங்கள அதுங்க தினம் பாத்துக்கீதுங்க. எழுந்து நடந்தாதான் மிரளும்."

படுத்துக்கொண்டேன். அசையவில்லை. முதலில் ஒன்று வந்தது. கூண்டின்மேல் உட்கார்ந்து சிறகை மடித்தது. பிறகு ஒன்று, இரண்டாக. தாகத்தில் அலகைத் தண்ணீரில் புதைத்தபடி அவை குடிக்கும் சத்தம் கேட்டது.

தலையை மட்டும் மெல்லத் திருப்பினேன். தெருவின் இரு பக்கமும், கண்ணுக்கு எட்டியவரை, ஒரு மாடியிலும் ஆள் இல்லை. ஒரு துணி இல்லை. கைப்பிடிச் சுவர்களும் தொட்டிகளும், மாலை வெளிச்சமும். கீழே சந்தில் அத்தனை பேரும் தோளோடு தோள் நெருக்கி, வாய் திறக்காமல் நின்றிருந்தார்கள்.

அந்தப் பந்தய நாளிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. எனக்கு மேலே, என் வீட்டு மாடிக்கு எதிரே. நான் கீழே சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

சாம்பல் கழுத்து வரவில்லை. வெளிச்சம் முழுக்கப் போகும்வரை பார்த்தோம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

டிவியில் அரை நிமிடம் காட்டினார்கள். நிருபர் பையனுக்குக் கோபம். "பெரும் போராட்டம் என்று அழைத்தார்கள், ஆனால் நீங்களே பாருங்கள், மாடிகளில் ஒருவரும் இல்லை" என்றான். வெறும் மாடிகள் வரிசையாக நகர்ந்தன.

தெரு முழுக்கத் தலை கவிழ்ந்து கிடந்தது. மதியம் கோதண்டனின் வழக்கறிஞர் இளவேனில் நேரில் வந்தார். மூச்சிரைத்தது.

"சார், அந்தப் படத்தைப் பார்த்தீங்களா? ரெண்டு கோர்ட்லயும் நான் வாயால சொல்லிச் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாதது சார் அது. புறா எறங்கணும்னு ஒரு தெருவே மாடிக்குப் போகாம நிக்குது!"

அது என்ன, ஏன் என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல ஒருவர் வேண்டுமாம். புறா வளர்ப்பவராக இருக்கக் கூடாது, உறவாக இருக்கக் கூடாது, ஞாயிறன்று மேலிருந்து கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும்.

"இந்தக் கட்டத்தில புது சாட்சியத்தை ஏத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது சார். ஏத்துக்கிட்டா, உங்களைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை பண்ணலாம். வயசு, கண் பார்வை, எல்லாத்தையும் கேப்பாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னால் வேறு எதுவும் சொல்ல முடிவதில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் சாட்சிக் கூண்டில் நிற்கிறேன், கறுப்பு அங்கி ஒன்று, "அன்று வானம் என்ன நிறம்?" என்று கேட்கிறது. எந்த நேரத்து நிறம் என்று நான் கேட்க நினைக்கிறேன்.

மார்ச் 2, திங்கள்

தேசம்மாவோடு சிறைக்குப் போனேன். அவள்தான் கூப்பிட்டாள். "புறா எறங்குச்சுன்னு நான் சொன்னா, ஆறுதலுக்கு சொல்றேன்னு நெனைப்பாரு சார். நீங்க சொன்னா நம்புவாரு."

கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் தொலைபேசி. இத்தனை வருடம் எதிர்வீட்டில் இருந்தவரை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது இதுவே முதல் தடவை. இளைத்திருந்தார்.

காலையிலிருந்து மாலைவரை நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். எந்தப் பக்கம் ஏறின, எப்போது மறைந்தன, காற்று எப்படி. எனக்குத் தெரிந்தது எனக்கே வியப்பாக இருந்தது. சாம்பல் கழுத்து வரவில்லை என்பதையும் சொன்னேன். தேசம்மா என் கையைக் கிள்ளினாள், ஆனாலும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தார். "அது வயசான புறா சார்" என்றார். பிறகு, "எல்லாருமே எறங்குனாங்களா? டிவி வந்தும்?"

"எல்லோரும்."

"கன்னிம்மாக்காகூடவா?"

"முதலில் அவர்தான்."

அவர் முகம் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை.

"நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"நான் மாடியில்தான் இருந்தேன். பாயில்."

"நீங்க அங்க இருந்தும் எறங்குச்சுங்களா?"

"இறங்கின."

தொலைபேசியை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டார். காவலர் நேரமாயிற்று என்றார். எழுந்தவர் மறுபடி குனிந்து அதை எடுத்தார்.

"சார், இத கோர்ட்ல வந்து சொல்லுவீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். நான் ஆம் என்று தலையை அசைத்ததை அவர் பார்த்தார்.

மார்ச் 4, புதன்

இளவேனில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன; திருத்தித் தரச் சொல்லிவிட்டுப் போட்டேன்.

குமுதம், "கை நடுங்குச்சாண்ணா?" என்றாள்.

நடுங்கியது. ஆனால் பெயரைப் படிக்க முடிகிறது.